நவம்பர் முதல் மார்ச் வரை அரிசோனா பாலைவனத்தில் மோட்டார்ஹோம்: ஊழியமும் தங்கலும் எப்படித் திட்டமிடுவது?

கூடாரவாசி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள், வயது 66, 63. வண்டி 31 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வீட்டுவண்டி (ஆர்.வி.). பின்னால் ஒரு சின்ன காரை இழுத்து வருவோம். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை தென்மேற்கு அரிசோனாவிலும் அதை ஒட்டிய கலிஃபோர்னியாவிலும் இருக்க எண்ணம். பாதி நாள் ஏதாவது சபை ஊழியத்தில் கை கொடுக்க வேண்டும். மீதி நாள் ஹூக்கப் (மின்சாரம், தண்ணீர், சாக்கடை இணைப்பு) இல்லாத திறந்த பாலைவனத்தில் தங்கிச் செடி, பறவை, நட்சத்திரம் பார்க்க வேண்டும்.

வண்டியில் இருப்பது: நல்ல தண்ணீர் 40 கேலன், குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கான கிரே டேங்க் 35, கழிப்பறைக்கான பிளாக் டேங்க் 30. 100 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி 2, கூரையில் 100 வாட் சோலார். எனக்கு இரவில் சிபேப் இயந்திரம் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றழுத்தம் தருவது) வேண்டும். இந்த ஏற்பாட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம்? ஊழியத்துக்கு யாரிடம், எப்போது விண்ணப்பிப்பது? தேசியப் பூங்காக்களிலும் தன்னார்வலராகச் சேரலாம் என்கிறார்களே, அது எப்படி?

ஆணியும்சுத்தியும்:
வாங்க ஐயா. முதலில் ஊழியத் தேதிகளைப் பிடியுங்கள், பாலைவன நாட்களை அவற்றுக்கு நடுவே வையுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். குளிர்காலத்தில் அரிசோனாவுக்கு வர எல்லோருக்கும் ஆசை, இடங்கள் கோடையிலேயே நிரம்பிவிடும்.

உங்களுக்குப் பொருந்தக்கூடிய அமைப்புகள் மூன்று. நோமாட்ஸ் என்பது மெதடிஸ்ட் சபையைச் சார்ந்தது, மற்ற சபையாரும் சேரலாம். பெரும்பாலும் ஒரு திட்டம் 3 வாரம், திங்கள் முதல் வியாழன் வரை, நாளுக்கு 6 மணி நேரம். சோவர்ஸ் என்பது ஆர்.வி.யில் வரும் ஓய்வுபெற்ற தம்பதிகளுக்காகவே உள்ள ஊழியம். கேம்பர்ஸ் ஆன் மிஷன் தெற்கத்திய பாப்டிஸ்டுகளோடு தொடர்புடையது, மாநிலவாரியாகக் கிளைகள் உண்டு. சபைக் கட்டடம், சிறுவர் இல்லம், முகாம் மைதானம் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதுதான் முக்கிய வேலை. வண்டி நிறுத்த ஹூக்கப் இடத்தைப் பெரும்பாலும் வேலை பெறும் நிறுவனமே தரும்.

வேலை என்றால் பெயின்ட், ட்ரைவால், கதவு மாற்றுவது, வயரிங்கில் எடுபிடி, சமையலறை, தையல், நன்கொடைத் துணி பிரிப்பது. மரம், பெயின்ட் போன்ற சாமான்களை அவர்கள் வாங்கித் தருவார்கள். நீங்கள் கைக்கருவி கொண்டுவந்தால் போதும்: சுத்தியல், டேப், ட்ரில், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, நல்ல 2 அங்குல பிரஷ் ஒன்று. கூரை ஏற முடியாது, 40 பவுண்டுக்கு மேல் தூக்க முடியாது என்றால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்காக யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எழுதாமல் வந்து ஏணியடியில் நிற்பவரால்தான் குழுத் தலைவருக்குத் தலைவலி.

தேசியப் பூங்கா, வனவிலங்குப் புகலிடம், பி.எல்.எம். (கூட்டாட்சி நில மேலாண்மைத் துறை) நிலம் எல்லாவற்றுக்கும் வாலண்டியர்.காவ் என்ற ஒரே தளம். தேடும்போது ‘ஆர்.வி. இடம் உண்டு’ என்பதைத் தேர்வு செய்யலாம். முகாம் பொறுப்பாளர், தகவல் மைய மேசை, பாதை பராமரிப்பு என்று வகைகள். இதில் ஆட்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். வாரம் 32 மணி நேரம் என்று போட்டிருந்தால் அது தம்பதிக்கா, ஆளுக்கா? இரண்டு வகையும் உண்டு. இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறையா? இதையும் கேளுங்கள். கேட்காவிட்டால் உங்கள் மனைவி ஓய்வில் இருக்கும்போது நீங்கள் கழிப்பறை கழுவிக்கொண்டிருப்பீர்கள், சேர்ந்து ஒரு பாதை நடக்க வாய்ப்பே வராது.

ஹூக்கப் என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருப்பார்கள். 30 ஆம்பா 50 ஆம்பா, சாக்கடை இணைப்பு உண்டா, 31 அடி வண்டியும் காரும் நிற்குமா, போன் சிக்னல் கிடைக்குமா என்று தனித்தனியாகக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும்.

வேலை தொடங்குமுன் ஓ.எஃப். 301ஏ என்ற தன்னார்வலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் எழுதியுள்ள வேலையைச் செய்யும்போது காயம்பட்டால் கூட்டாட்சி ஊழியருக்குரிய இழப்பீட்டுச் சட்டம் உங்களையும் காக்கும். எழுதாத வேலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. யாராவது நட்பாகக் கூப்பிட்டு மரம் வெட்டச் சொன்னால், முதலில் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 250 மணி நேரம் முடித்தால் வருடாந்தர நுழைவு அட்டை இலவசம். ஆனால் உங்கள் இருவருக்கும் 62 வயது தாண்டிவிட்டதே! குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால் 80 டாலருக்கு வாழ்நாள் சீனியர் பாஸ் வாங்கிவிடலாம். பல கூட்டாட்சி முகாம்களில் அதைக் காட்டினால் பாதிக் கட்டணம்தான்.

பன்னிரண்டுவோல்ட்:
உங்கள் மின்சாரக் கணக்கு இப்படியே இருந்தால் இரண்டாவது இரவே இருட்டு, ஐயா. எண்களைப் பாருங்கள்.

ஜனவரி இரவில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊர்ப் பக்கம் உறைநிலை அருகே இறங்கும். வண்டிக்குள் சூடேற்றும் ஃபர்னஸின் ஊதுவிசிறி ஓடும்போது சுமார் 7 ஆம்ப் இழுக்கும். விட்டு விட்டு மொத்தம் 4 மணி நேரம் ஓடினால் 28 ஆம்ப்-அவர். சிபேப் இயந்திரம், ஈரப்பதமூட்டியும் சூட்டுக்குழாயும் அணைத்த நிலையில், 30 வாட் என்று வைத்தால் 8 மணி நேரத்துக்கு 20. கேஸில் ஓடும் பிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு நாள் முழுக்க 12 முதல் 20. விளக்கு, பம்ப், போன் ஆகியவற்றுக்கு 15. மொத்தம் நாளுக்குச் சுமார் 80. உங்கள் 200 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட்டில் பாதிக்குக் கீழே போகக் கூடாது, அதாவது கையில் 100. இதை 100 வாட் பேனல் ஈடுகட்டவே முடியாது. டிசம்பரில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். கூரையில் படுத்திருக்கும் 100 வாட் பேனல் நாளுக்கு 250 வாட்-அவர் தந்தால் பெரிது. உங்களுக்குத் தேவை, 80 ஆம்ப்-அவரை 12 வோல்ட்டால் பெருக்கினால், ஏறக்குறைய 1,000.

பரிகாரம் 400 வாட் சோலார், 200 ஆம்ப்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. படுக்கை நிலையில் 400 வாட் பேனல் டிசம்பரில் ஏறக்குறைய 1,000 வாட்-அவர் தரும். தெற்கு நோக்கிச் சாய்த்தால் ஒன்றரை மடங்கு வரை கிடைக்கும். சாய்த்ததைக் காற்று எழுமுன் மடக்க வேண்டும். கூரையேற வேண்டாம் என்றால் 200 வாட் கூரையில், 200 வாட் தரையில் வைக்கும் மடக்குப் பேனல் என்று பிரியுங்கள். வண்டி நிழலில் நின்றாலும் தரைப் பேனலை வெயிலுக்கு நகர்த்தலாம்.

லித்தியம் மாற்றும்போது கெடுவது மூன்று. ஒன்று, வெளி மின்சாரத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். பேட்டரி நிறையாது. 14.4 தரும் லித்தியம் வகை கன்வெர்ட்டர் போட வேண்டும். இரண்டு, என்ஜின் ஆல்டர்னேட்டரை நேராக இணைத்தால் பேட்டரி இழுக்கிற இழுப்பில் அது சூடேறிச் சாகும். நடுவே 30 அல்லது 40 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். மூன்று, செல்லின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. பேட்டரியை வெளிப்புறப் படிக்கட்டுப் பெட்டியில் வைக்காமல் உள்ளே கட்டிலுக்கடியில் வையுங்கள்.

சிபேப் இயந்திரத்தை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாதீர்கள். அந்த மாடலுக்கான டிசி அடாப்டர் கிடைக்கும். இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே இரவில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

மணல்தடம்:
மேலே சொன்னவர் ஜெனரேட்டரை மறந்துவிட்டார். மூன்று நாள் மேகம் மூடினால் 400 வாட்டும் உதவாது. வண்டியோடு வந்த ஜெனரேட்டரைக் காலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும். மாதம் ஒருமுறை பாதிச் சுமையோடு ஓட்டாவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், வேண்டிய நாளில் கிளம்பாது. நீண்டகாலத் தங்கல் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை ஓட்டக் கூடாது.

அந்தப் பகுதிகளைப் பற்றி: பி.எல்.எம். நடத்தும் இடங்கள், உங்களுக்கு வசதி குவார்ட்ஸைட் அருகே லா போசா. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவ அனுமதி 180 டாலர், 14 நாள் அனுமதி 40 டாலர். குடிநீர் நிரப்பவும் டேங்க் கொட்டவும் அங்கேயே வசதி உண்டு. மூன்று வாரத் திட்டத்துக்குப் போய்விட்டு அதே அனுமதியோடு திரும்பி வரலாம் என்பதால் உங்கள் வகைப் பயணத்துக்கு முழுப் பருவமே லாபம். கட்டணமில்லாத மற்ற பி.எல்.எம். நிலத்தில் 28 நாளுக்குள் 14 நாள்தான். பிறகு 25 மைல் தள்ளிப் போக வேண்டும். டோம் ராக், ஸ்கேடன் வாஷ் இரண்டும் அந்த வகை, அங்கே தண்ணீர் கிடையாது.

இப்போது தண்ணீர். இருவர் சிக்கனமாக இருந்தால் நாளுக்கு 5 கேலன். 40 கேலனுக்கு 8 நாள். கிரே டேங்க் நாளுக்கு 4 என்று ஏறும், 35 நிறையவும் ஏறக்குறைய அதே கணக்கு. பிளாக் டேங்க் இரண்டு வாரம் தாங்கும். ஆகவே உங்கள் எல்லை 8 நாள், அதைத் தீர்மானிப்பது நல்ல தண்ணீர்தான். நீட்ட வேண்டுமானால் காரில் 5 கேலன் கேன்கள். ஒன்று நிறைந்தால் 42 பவுண்டு, தூக்கி ஊற்ற வேண்டாம், சின்ன 12 வோல்ட் மாற்றுப் பம்ப் வாங்குங்கள். குளியலில் சுடுநீர் வரும்வரை ஓடும் குளிர்நீரை ஒரு குடுவையில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினால் நாளுக்கு ஒரு கேலனாவது மிஞ்சும். தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கொழுப்பு கிரே டேங்கில் போனால் சென்சார் பொய் சொல்லும், நாற்றமும் வரும். கிரே தண்ணீர்தானே என்று மணலில் திறந்துவிடாதீர்கள், அபராதம் உண்டு.

ஊழிய இடத்தில் சாக்கடை இணைப்பு இருந்தால் ஒரு தவறு எல்லோரும் செய்வது: பிளாக் வால்வைத் திறந்தே வைப்பது. நீர் மட்டும் வடிந்து, திடப்பொருள் குழாய்க்கு நேர் கீழே குவிந்து இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறையும்வரை மூடியே வையுங்கள். பிறகு பிளாக்கை முதலில், கிரேயை அடுத்து திறங்கள், சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கொட்டியதும் 3 கேலன் சுத்த நீர் உள்ளே விட வேண்டும்.

கூடாரவாசி:
ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். எங்கள் ப்ரோபேன் தொட்டி வண்டியோடு பொருத்தியது, கழற்ற முடியாது. கேஸ் தீர்ந்தால் முகாமையே கலைத்துப் போக வேண்டுமா? அப்புறம், மனைவிக்குச் செடிகொடியில்தான் ஆர்வம். குளிர்காலத்தில் என்னதான் பார்க்கக் கிடைக்கும்?

மணல்தடம்:
தொட்டியின் ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு டீ இணைப்பு போட்டால் வெளியே 20 பவுண்டு சிலிண்டர் மாட்டலாம். கடையில் ‘எக்ஸ்டெண்ட்-எ-ஸ்டே’ என்று கேளுங்கள். ஒரு சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியு (வெப்ப அலகு). 30,000 பிடியு ஃபர்னஸ் விடாமல் எரிந்தால் 14 மணி நேரம், அதாவது நாளுக்கு 4 மணி என்றால் மூன்றரை நாள். சிலிண்டர் இரண்டு வைத்துக் காரில் கொண்டுபோய் மாற்றி மாற்றி நிரப்புங்கள். இணைப்பு போட்டதும் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கேஸ் மோப்பக்கருவியின் பின்பக்கத் தேதியையும் பாருங்கள், 5 முதல் 7 ஆண்டில் அது காலாவதி. ஊதுவிசிறி இல்லாத சிறு ஹீட்டர் மின்சாரம் மிச்சப்படுத்தும் என்பார்கள், உண்மை. ஆனால் ஜன்னலும் கூரைத் திறப்பும் சற்றுத் திறந்திருக்க வேண்டும், தூங்கும்போது அணைத்தாக வேண்டும்.

கள்ளிப்பூ:
அம்மாவுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள்: சகுவாரோ என்ற உயரக் கள்ளி பூப்பது ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை, அது உங்களுக்குத் தவறும். அதற்குப் பதில் மார்ச்சில் ஒக்கோடியோ என்ற முட்புதரின் நுனிகளில் சிவப்புப் பூ, அதைச் சுற்றி ஹம்மிங் பறவைகள். தரைப்பூக்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து, ஆன்ஸா-பொரேகோ (கலிஃபோர்னியா), ஆர்கன் பைப் (அரிசோனா) பூங்காக்கள் இரண்டிலும். இலையுதிர் காலத்தில் நல்ல மழை பெய்யாத வருடம் வெறும் தரைதான், ஜனவரி மழை மட்டும் போதாது. ஆகவே மார்ச்சுக்கு முன்கூட்டியே இடம் பதிந்துவிட்டுப் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் பார்க்க வேண்டியது ஒட்டுண்ணிச் செடி. பாலோ வெர்டே, அயர்ன்வுட், மெஸ்கீட் மரங்களில் கொத்தாகத் தொங்கும் இலையற்ற குச்சிகள், சிவப்புப் பழம். அந்தப் பழத்தை நம்பியே ஃபைனோபெப்லா என்ற கொண்டை வைத்த கறுப்புப் பறவை குளிர்காலம் முழுக்க அங்கே இருக்கும். தின்று, விதையை அடுத்த கிளையில் எச்சமிட்டு, செடியையும் அதுவே பரப்பும். ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்த வியாபாரம் முழுக்கத் தெரியும்.

குவார்ட்ஸைட்டுக்கு 18 மைல் தெற்கே 95-ஆம் சாலையிலிருந்து கோஃபா வனவிலங்குப் புகலிடத்தின் பாம் கேன்யன் பாதை. 7 மைல் மண் சாலை, காரில் போங்கள். அரை மைல் ஏற்றம்தான், மேலே பாறைப் பிளவுக்குள் இயற்கையாக வளர்ந்த விசிறிப் பனைகள். நண்பகலை ஒட்டிச் சிறிது நேரம்தான் வெயில் அந்தப் பிளவுக்குள் விழும், 11 மணிக்கு நடக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

இன்னொன்று உங்களைப் போன்றவர்களுக்கென்றே. 1942-இல் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பாட்டன் தொடங்கி 1944 வரை நடந்த பாலைவனப் போர்ப் பயிற்சி மையம் இந்தப் பகுதியில்தான். கலிஃபோர்னியாப் பக்கம் அயர்ன் மவுண்டன் முகாமில் சிப்பாய்கள் கல் அடுக்கிக் கட்டிய ஆராதனைப் பீடங்கள் இன்னும் நிற்கின்றன. சுற்றிலும் அந்தக்கால டாங்கித் தடங்களும் மண்ணில் அழியாமல் இருக்கின்றன. அதனால்தான் வண்டியை ஏற்கெனவே உள்ள தடத்தைவிட்டு இறக்கக் கூடாது என்கிறார்கள். கூழாங்கல் பதித்தது போன்ற அந்தத் தரை ஒருமுறை கிழிந்தால் நம் ஆயுளில் மூடாது.

சோய்யா கள்ளியின் துண்டு ஒட்டிக்கொண்டால் விரலால் பிடுங்காதீர்கள், விரலிலும் ஏறும். அகலப்பல் சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே விசையில் தள்ளுங்கள். மிஞ்சிய முட்களைச் சிறு குறடால் எடுக்கலாம். மார்ச்சில் ஆமைகள் வளையைவிட்டு வெளிவரும். காரை எடுக்குமுன் அடியில் குனிந்து பாருங்கள், நிழலுக்காகப் படுத்திருக்கும். கையில் தூக்கினால் பயத்தில் சேமித்த நீரை வெளியே விட்டுவிடும், வறட்சியில் அது அதற்கு உயிராபத்து. பாதுகாக்கப்பட்ட உயிரினம், தொடுவதும் சட்டப்படிக் குற்றம்.

நட்சத்திரத்துக்கு: டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள். பிப்ரவரி, மார்ச்சில் நிலவில்லாத மாலை, இருட்டியதும் மேற்கில் கூம்பு வடிவில் மங்கலாக எழும் ராசிமண்டல ஒளி. ஊர் வெளிச்சம் உள்ள இடத்தில் இது தெரியவே தெரியாது. பொரேகோ ஸ்பிரிங்ஸ் 2009 முதல் இருள்வான ஊர், அங்கே வீட்டு விளக்குகளே அடக்கம். சிவப்பு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். வாஷ் எனப்படும் மணல் ஓடையில் மட்டும் முகாம் போடாதீர்கள். இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் மலையில் பெய்த மழை இரவில் வந்து சேரும்.

மருந்துச்சீட்டு:
யாரும் தொடாத விஷயம் மெடிகேர், 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. ஒரிஜினல் மெடிகேர் என்றால் அதை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் போகலாம். தனியார் நிறுவனம் நடத்தும் அட்வான்டேஜ் எச்.எம்.ஓ. என்றால் சொந்தப் பகுதிக்கு வெளியே பொதுவாக அவசர சிகிச்சை மட்டும்தான். திட்டம் மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை காலம். நீங்கள் நவம்பரில் கிளம்புவதால் முன்பே முடிவெடுங்கள். அட்வான்டேஜிலிருந்து வெளியேறினாலும், ஒரிஜினல் மெடிகேர் விடும் செலவை ஏற்கும் மெடிகாப் நிறுவனம் உடல்நிலை பார்த்து மறுக்கலாம். முதலில் அங்கே ஒப்புதல் வாங்காமல் இங்கே விடாதீர்கள். அம்மாவுக்கு இன்னும் 65 ஆகவில்லை, அவருடைய காப்பீடு அரிசோனாவில் செல்லுமா என்று தனியாகக் கேளுங்கள்.

பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. அரிசோனா மண்ணில் வாழும் பூஞ்சையின் வித்துகள் தூசியோடு நுரையீரலுக்குப் போவதால் வருவது. ஊழியத்தில் குழி தோண்டுவது, காய்ந்த மண்ணைப் பெருக்குவது இருந்தால் என்95 முகமூடி போடுங்கள், முடிந்தால் மண்ணை நனைத்துவிட்டுத் தோண்டுங்கள். வீடு திரும்பிய பிறகு இருமலும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், அரிசோனாவில் இருந்தோம் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். வேறு மாநிலத்து மருத்துவருக்கு அது சட்டென்று தோன்றாது, சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஆணியும்சுத்தியும்:
விட்டுப்போனது ஒன்று. ஊழியத்துக்காக ஓட்டும் தூரத்துக்கு வருமான வரியில் மைலுக்கு 14 சென்ட் கழிக்கலாம், செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு வரிக்கழிவு கேட்பவராக இருந்தால். பயணம் முக்கியமாக ஊழியத்துக்காக இருக்க வேண்டும், பாலைவனம் சுற்றிய மைல் கணக்கில் வராது. தேதி, இடம், மைல்மானி எண் எழுதிய நோட்டு வண்டியிலேயே இருக்கட்டும்.

காரையும் வண்டியையும் மூன்று வாரம் அசையாமல் நிறுத்தினால் பேக்ரேட் எலி என்ஜினுக்குள் கூடு கட்டி வயரைக் கடிக்கும். இரவில் பானெட்டைத் திறந்துவையுங்கள், உள்ளே ஒரு சின்ன சோலார் விளக்கு. அது இருட்டான, மூடிய இடம் தேடும் பிராணி. விஷம் வைக்க வேண்டாம், செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அது போய்ச் சேரும். ஸ்னாப் பொறியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவி வைத்தால் போதும்.

கிளம்புமுன் டயரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. மோட்டார்ஹோம் டயர் தேயுமுன் வெயிலில் வெடித்துவிடும், மேலுள்ள வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். 6, 7 ஆண்டு ஆனதென்றால் ஆறையும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் உள்ள இரட்டை டயரில் உள்பக்கத்து டயரின் எண் உள்முகமாக இருக்கும், டார்ச்சோடு அடியில் போய்த்தான் படிக்க முடியும்.